தைக்காத பனியனுக்கு வந்த பணம்

எங்கள் பனியன் கம்பெனிக்கு நான்கு பெயர்கள் இருந்தன. ஒன்று அப்பா பேரில், ஒன்று அம்மா பேரில், ஒன்று சித்தப்பா பேரில். நான் பி.காம். முடித்ததும் என் பேரில் ஒன்று. நான்கும் திருப்பூரில் ஒரே காம்பவுண்டுக்குள்தான். வெளிச்சுவரில் நான்கு மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அப்பாவின் மேசை டிராயரில் நான்கு ரப்பர் ஸ்டாம்புகள். அவசரத்தில் மாறிப்போய்விடக் கூடாதென்று ஒவ்வொன்றின் பிடியிலும் ஒவ்வொரு நிற நூலைச் சுற்றி வைத்திருப்பார். கட்டிங் செய்யும் ஹாலுக்கும் தையல் பவர்டேபிள் ஓடும் ஹாலுக்கும் நடுவில் ஒரு சுவர். காகிதத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் வேறு கம்பெனி. வெட்டிய துணியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போக முடியாது என்பதால் சுவரை இடித்து ஒரு கதவு வைத்திருந்தோம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை அந்தக் கதவு முன்னால் நின்றார். "இது எதுக்குங்க?" என்றார்.

"பக்கத்துக் கம்பெனிக்காரரு நம்ம சொந்தங்க. சாப்பாட்டுக்குப் போய் வர்றதுக்குங்க" என்றார் அப்பா.

பக்கத்துக் கம்பெனிக்காரர் என் அம்மா. அதிகாரிக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். ஊரில் பாதிக் கம்பெனிகள் அப்படித்தான் இருந்தன. கலால்காரர்கள் இதற்குக் 'கிளப்பிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவருடைய யூனிட்டுகளைப் பிரித்துக் காட்டுவதாகக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரி கேட்பார்கள். ஆகவே மனைவி, தம்பி, மச்சான், மருமகன் என்று ஆள் தேடி, தனித்தனி பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதி, தனித்தனி ஈபி சர்வீஸ் வாங்கி, நான்கு தனிக் கணக்கு எழுதுவதற்கென்றே ஒரு கணக்குப்பிள்ளையை வைத்திருந்தோம். பனியன் தைக்கும் வேலையைவிட அது நுட்பமான வேலை.

ஏன் இந்தப் பாடு? பனியன் உள்ளிட்ட பின்னலாடைகள் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள்கள். இயந்திரத்தில் போட்ட முதலீடு ஒரு வரம்பைத் தாண்டினால் நீங்கள் சிறுதொழில் இல்லை. 1980இல் அந்த வரம்பு 20 லட்ச ரூபாய். 1985இல் 35 லட்சம், 1991இல் 60 லட்சம். ஜெர்மனி நிட்டிங் மெஷின் இரண்டு மூன்று வாங்கி இறக்கினாலே வரம்பு கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். உற்பத்தியில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்வோம் என்று உறுதி எழுதிக் கொடுத்தால் வரம்பு தாண்டலாம் என்று ஒரு வழியும் இருந்தது. எழுதிக் கொடுத்த பிறகு வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனால் அந்தப் பங்கை உள்ளூரில் விற்கவும் முடியாது. அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. புது மெஷின் வாங்க வேண்டுமென்றால், மெஷினுக்கு முன்னால் ஒரு புதுப் பெயர் வாங்கினார்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் கார்வே கமிட்டி, பெரிய ஆலைகளிடமிருந்து சிறு உற்பத்தியாளரைக் காப்பாற்றினால்தான் வேலைவாய்ப்பு பெருகும் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1967இல் 47 பொருள்களோடு ஒதுக்கீட்டுப் பட்டியல் தொடங்கியது. 1978இல் ஐந்நூறைத் தாண்டியது. பிறகு எண்ணூறையும் தாண்டியது. ஊறுகாய், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பனியன் என்று அது போய்க்கொண்டே இருந்தது. கடைசி 20 பொருள்கள் பட்டியலிலிருந்து நீங்கியது 2015இல். தொடங்கிவைத்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பட்டியல் மட்டும் அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வாழ்ந்தது.

சிறியவனைக் காப்பாற்றும் சட்டம், சிறியவன் சிறியவனாகவே இருக்கும்வரைதான் காப்பாற்றும். வளர்ந்தால் தண்டிக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. டிராயரைத் திறந்தால் போதும்.

தொழிலாளர் சட்டத்திலும் இதே கதைதான். 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று 1976இல் நெருக்கடிநிலைக் காலத்தில் சட்டம் வந்தது. 1982இல் அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்துத் திருத்தினார்கள். பின்னலாடைத் தொழில் சீசனுக்குச் சீசன் ஏறி இறங்கும். ஆர்டர் இருக்கும் மாதம் ஆள் போதாது. இல்லாத மாதம் மெஷின் மேல் துணி போர்த்தி வைத்திருப்போம். நூறு பேரை மஸ்டர் ரோலில் எழுத யார் துணிவார்கள்? தொழிலாளியைக் காப்பாற்ற வந்த எண், அவர் பெயரை எழுதாமல் விடுவதற்கான எண் ஆகிவிட்டது. காண்ட்ராக்ட், பீஸ் ரேட், ஜாப் ஒர்க் என்று வேலை சிதறியது. யூனியன்கள் போராடியும் பலன் கிடைத்தது ரோலில் இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

எங்களிடம் கைமடி வேலை பார்த்த ஓர் அக்கா இருந்தார். தைத்து வரும் பீஸை டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கி மடித்து அடுக்கும் வேலை அது. ஒருநாள், இங்கேதான் வேலை செய்கிறேன் என்று ஒரு லெட்டர் வேண்டும் என்று அப்பாவிடம் வந்து நின்றார். எங்கோ காட்டுவதற்குத் தேவைப்பட்டது. அப்பா டிராயரைத் திறந்துவிட்டுக் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை நோட்டுகளைப் புரட்டினார். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "நான் எந்தக் கலர் நூலுங்க மொதலாளி?" என்று கேட்டார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். எந்த நோட்டிலும் அவர் பெயர் இல்லை. அம்மா பேரிலிருந்த கம்பெனியின் பச்சை நூல் ஸ்டாம்பைக் குத்திக் கொடுத்தார் அப்பா.

அரசு சுருங்க வேண்டும் என்பவர்களின் எழுத்தை நான் படிக்கத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் வந்து சேர்ந்தவர் ராஜாஜி. சித்தப்பா வீட்டுப் பரணில் அவர் எழுதிவந்த 'ஸ்வராஜ்யா'வின் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எண்பது வயதில், 1959இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய மனிதர். நேருவின் பொருளாதாரத்தைப் 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று அவர் அழைத்தது இன்றுவரை நாட்டின் வாயில் புழங்குகிறது. 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்கள் பிடித்து மிகப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. இங்கே தி.மு.க.வோடு கூட்டணி. 1974இல் கட்சியே கரைந்துபோனது.

ராஜாஜி வெறும் பேச்சுக்காரர் இல்லை. 1952இல் சென்னை மாநில முதலமைச்சராக வந்த கொஞ்ச நாளில், யுத்த காலத்திலிருந்து இருந்துவந்த அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். பஞ்சம் வரும், வியாபாரி பதுக்குவான் என்றார்கள். பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது. அதே ராஜாஜிதான் முந்தைய ஆட்சிக்காலத்தில், மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். சுதந்திரம் பேசிய அதே ஆள், குடிக்காதே என்று சட்டம் போட்டு, அந்தச் செலவுக்குக் கடைக்காரன் கல்லாவில் கை வைத்தார். மதுவிலக்கு வந்தும் போயும் ஆயிற்று. விற்பனை வரி வேறு பெயர்களில் இன்னும் இருக்கிறது. அரசை எதிர்த்தவர்களும் அரசைப் பெரிதாக்கிவிட்டே போயிருக்கிறார்கள் என்பதை அங்கேதான் முதலில் கவனித்தேன்.

அடுத்து, சந்தைப் பொருளாதார அறிஞர்கள் ஹாயெக், ஃப்ரீட்மன். 1955இல் மில்டன் ஃப்ரீட்மன் இந்தியா வந்து நிதியமைச்சகத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அரசு பெரிய ஆலையையும் கைத்தறியையும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துவிட்டு, நடுவில் தானாக வளரக்கூடிய சின்னத் தொழிற்சாலைகளை நெரிக்கிறது என்பது அவர் கவலைகளில் ஒன்று. அதே வருஷம் பி.ஆர். ஷெனாய் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எதிராகத் தனியாக ஒரு மாறுபட்ட குறிப்பு எழுதினார். பொருளாதார அறிஞர் குழுவில் அப்படி எழுதியவர் அவர் ஒருவர்தான். எங்கே எவ்வளவு தேவை என்ற அறிவு லட்சக்கணக்கான மனிதர்களின் தலையில் சிதறிக் கிடக்கிறது, டெல்லியில் ஒரு மேசையில் அதைக் கூட்டிவைக்க முடியாது என்பது இவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு அது உறைத்தது. பனியன் கம்பெனிக்கு எத்தனை லட்சம் மெஷின் சரியான அளவு என்று டெல்லியில் யாருக்குத் தெரியும்? எனக்கே ஆர்டரைப் பொறுத்துத்தான் தெரியும்.

இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி வங்காளதேசத்தில் இருக்கிறது. 1979இல் அங்குள்ள தேஷ் கார்மென்ட்ஸ் கொரியாவின் டேவூவோடு ஒப்பந்தம் போட்டு, 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பித் தையல் ஆலை நடத்தக் கற்றுக்கொள்ள வைத்தது. திரும்பி வந்தவர்களில் பலர் தனியாகப் போய் ஆலைகள் தொடங்கினார்கள். ஒரே கூரையில் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர். எத்தனை மெஷின் வைத்திருக்கிறாய் என்று யாரும் எண்ணவில்லை. ஏற்றுமதி ஆடைக்காக இறக்குமதியாகும் துணிக்கு வரியில்லாத கிடங்கு வசதி கொடுத்தார்கள். பருத்தி அதிகம் விளையாத அந்த நாடு ஆயத்த ஆடை ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிப் போனது. நாங்கள் சுவரில் கதவு வைத்துக்கொண்டிருந்தோம்.

கட்டுரையை இங்கேயே முடித்துவிட்டால், அரசு ஒழிக என்று ஒரு முழக்கத்தோடு முடிந்துவிடும். ஆனால் அடுத்துச் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கூச்சமாக இருப்பது.

1974 முதல் 2004 முடியும்வரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஏழை நாடுகளின் துணிக்குக் கோட்டா வைத்திருந்தன. அதைத் தொடங்கிவைத்தது பல்நூலிழை ஒப்பந்தம். அதன் வேர் 1961இல் இருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலத்துத் துணி ஆலைகளின் ஆதரவைத் தேடிய அதிபர் ஜான் கென்னடி, முற்போக்காளர்களின் செல்லப் பிள்ளை, பருத்தித் துணி இறக்குமதிக்கு வரம்பு கட்டினார். அது தற்காலிக ஏற்பாடு என்றுதான் ஆரம்பித்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த நாட்டு மில் தொழிலாளியைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, நம் ஊர் டெய்லரின் வேலைக்கு வரம்பு வைத்தார்கள்.

இந்தியாவுக்கு வந்த கோட்டாவை ஆயத்த ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சில் பங்கிட்டுக் கொடுத்தது. பெரும்பங்கு, முன்பே ஏற்றுமதி செய்தவர்களுக்கு. அதைக் கை மாற்றிக்கொள்ள விதியிலேயே இடம் இருந்தது. கோட்டா இல்லாத புது ஆள் கோட்டா உள்ள பழைய ஆளிடம் பீஸுக்கு இவ்வளவு என்று பிரீமியம் கொடுத்து வாங்கி அனுப்புவார். பிரீமியம் என்ன ரேட் போகிறது என்று தினமும் நூல் விலை மாதிரி விசாரிப்போம். எங்களுக்கும் பழைய ஏற்றுமதிக் கணக்கு இருந்தது. ஒரு வருஷம் மெஷின் பாதி நாள் நின்றுவிட்டது. கோட்டாவை விற்றோம். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், தைத்ததில் வந்ததைவிடத் தைக்காததில் வந்தது அதிகம். நூல் வாங்கவில்லை, துணி ஓட்டவில்லை, கூலி கொடுக்கவில்லை. பேப்பரைக் கை மாற்றினோம், பணம் வந்தது.

அப்பா அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு மாடி எடுத்தார். சட்டத்தை மீறி வந்த பணம் இல்லை. ஆனால் அந்தப் பிரீமியத்தைக் கொடுத்தவர் யார்? எங்களைவிடச் சின்னவர். கோட்டா இல்லாதவர். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர். அவருடைய லாபத்தில் ஒரு பங்கு, நாங்கள் முன்னால் வந்தோம் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் வீட்டு மாடியில் ஏறி உட்கார்ந்தது. நான்கு ஸ்டாம்பைப் பார்த்து அரசைத் திட்டிய வாய், கோட்டா பணம் வந்தபோது மூடிக்கொண்டுதான் இருந்தது.

2000ஐ ஒட்டிய வருஷங்களில் ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தார்கள். ஆடைகளில் நெய்த ஆயத்த ஆடை முதலில் போனது. பின்னலாடையும் போகப்போகிறது என்று பேச்சு வந்தது. அப்போது தொழில்காரர்கள் கூடிப் பேசிய ஒரு கூட்டத்துக்கு அப்பாவோடு போனேன். மெஷின் எண்ண வந்த அதிகாரிகளைத் திட்டாத ஆள் அந்த ஹாலில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் இரண்டு பெயர், மூன்று பெயர் வைத்திருந்தவர்கள். அன்றைக்கு அவர்கள் கேட்டது, ஒதுக்கீட்டை எடுக்காதே என்று. பெரிய கம்பெனி உள்ளே வந்தால் நாங்கள் எங்கே போவது? மனு தயாராக இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். நான்கு கம்பெனிக்கும் நான்கு கையெழுத்து தேவைப்பட்டதால், ஒன்று நானும் போட்டேன்.

வரும் வழியில், "ஏங்ப்பா, அந்தச் சட்டத்தால நமக்கு இத்தனை இம்சைன்னு சொல்லிட்டு இருந்தீங்களே?" என்று கேட்டேன்.

"இம்சைதான். ஆனா பழகின இம்சை. நாலு பேர்ல எப்படி ஓட்டறதுன்னு நமக்குத் தெரியும், வர்றவனுக்குத் தெரியாதல்ல?" என்றார்.

அரசு ஏன் பெருத்துக்கொண்டே போகிறது என்பதற்கு நான் படித்த புத்தகங்களில் எல்லாம் இரண்டு விடைகள்தான் கிடைத்தன. அதிகாரிகளின் ஆசை, அல்லது முற்போக்கு அறிவுஜீவிகளின் ஆணவம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். அப்பா சொன்ன விடை அந்தப் புத்தகங்களின் ஓரத்தில்தான் இருந்தது. ஒரு கட்டுப்பாடு பத்து வருஷம் நின்றுவிட்டால், அதற்குள் வாழக் கற்றுக்கொண்ட கூட்டம் ஒன்று உருவாகிவிடும். அதற்கு அந்தக் கட்டுப்பாடே முதலீடு. போட்டியில்லாத சந்தை, விற்கக்கூடிய கோட்டா, பழகிய அதிகாரி எல்லாம் அதன் சொத்து. வெளியே நின்று கஷ்டப்படுகிறவன் யாரென்று யாருக்கும் தெரியாது. அவன் இன்னும் தொழிலே தொடங்கவில்லை, அவனுக்குச் சங்கம் இல்லை, மனு எழுத ஆள் இல்லை. உள்ளே இருக்கிறவனுக்கு எல்லாம் இருக்கிறது. லைசென்ஸ் ராஜ்யத்தைக் காவல் காத்தவர்களில் நாங்களும் இருந்தோம், சம்பளம் வாங்காமல். கோட்டா வந்த வருஷத்தில் சம்பளத்தோடு.

அம்மா பிறந்த ஊர் ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கம். நொய்யல் ஆற்றில் 1992இல் அங்கே ஓர் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்று கட்டியது. சில வருஷங்களில் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நிற்கும் தொட்டியாகிவிட்டது. தாய்மாமா விவசாயி. தென்னந்தோப்பு வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு குலை இளநீர் கொண்டுவருவார். ஒரு தடவை கொண்டுவந்த இளநீரைக் குடித்துவிட்டு அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். உப்புக் கரித்தது.

"உங்க பனியன் வெளுக்கறது எங்க கெணத்துத் தண்ணியிலங்க மச்சான்" என்றார் மாமா அப்பாவைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சாப்பிட உட்கார்ந்த எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எங்களுக்குச் சாயப்பட்டறை இல்லை. ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவோம். கிலோவுக்கு என்ன ரேட் என்று பேசிக் குறைப்போம். அந்த ரேட் அப்படிக் குறைவதற்குக் காரணம், கழிவைச் சுத்தம் செய்யும் செலவு அதில் இல்லை. அந்தச் செலவை மாமா தென்னை மட்டையைப் பார்த்துக்கொண்டு ஏற்றுக்கொண்டிருந்தார். அவரும் பக்கத்து விவசாயிகளும் எத்தனையோ அலுவலகப் படி ஏறினார்கள். கடைசியில் அவர்களுக்குக் கிடைத்த வாசல் நீதிமன்றம். கழிவே வெளியே விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. சொன்னபடி நடக்கவில்லை என்று 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடின. ஊரே ஸ்தம்பித்தது. பிறகு கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்தும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, செலவு ரேட்டில் ஏறியது, நாங்களும் கொடுத்துப் பழகினோம்.

எங்கள் ஹாலில் மெஷின் எண்ணுவதற்கு அரசுக்கு ஆள் இருந்தது, நேரம் இருந்தது, படிவம் இருந்தது. எங்கள் மெஷினால் யாருக்கும் நஷ்டம் கிடையாது. அதே காலத்தில், ஒருவன் கழிவு இன்னொருவன் கிணற்றில் போய் இறங்கியபோது தடுக்க ஆள் இல்லை. அடுத்தவன் உடலுக்கும் உடைமைக்கும் கேடு செய்யாதே என்பதைக் காப்பதற்குத்தான் அரசே வேண்டும் என்று லிபர்டேரியன் ஆசாமிகள் சொல்கிறார்கள். அந்த ஒரு வேலை மாமாவின் தோப்பில் நடக்கவில்லை. அரசு பெரிதாகிவிட்டது என்று வெறுமனே சொன்னால் எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. வேண்டாத இடத்தில் பருத்து, வேண்டிய இடத்தில் ஆளில்லாமல் இருந்தது என்பதே நான் கண்டது.

வங்காளதேசத்தைப் பெருமையாகச் சொன்னேன். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு வெளியே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் தையல் வேலைப் பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. மேல் மாடிகள் அனுமதியில்லாமல் ஏற்றியவை. மெஷின் எண்ணாத அரசு நல்ல அரசு, சரி. விரிசலைப் பார்க்காத அரசு? இரண்டுக்கும் 'தலையிடாமை' என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் கொள்கை சுத்தமாக இருக்கும், ஆனால் கட்டடம் நிற்காது.

எனக்கும் சுதந்திரச் சந்தை நண்பர்களுக்கும் பிணக்கு வரும் இன்னோர் இடம் சத்துணவு. 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியபோது, பணம் விரயம் என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள். நான் பார்த்தது வேறு. எங்கள் கம்பெனிக்கு எட்டு மணிக்கு வரும் பெண்கள், பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் என்ற தைரியத்தில் வந்தார்கள். கைமடி அக்காவின் மகளும் அப்படிப் படித்தவள்தான். அந்தத் தட்டுச் சோறு யாரையும் தொழில் தொடங்காதே என்று தடுக்கவில்லை, யாருக்கும் கோட்டா கொடுக்கவில்லை, எவருடைய கதவு முன்னாலும் வந்து நின்று 'இது எதுக்குங்க' என்று கேட்கவில்லை. வரிப்பணம்தான். அதற்குக் கணக்குக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் லைசென்ஸ் ராஜ்யத்தையும் சத்துணவையும் ஒரே பட்டியலில் போட்டு இரண்டும் சோஷலிசம் என்பவருக்கும், சத்துணவைக் காட்டி லைசென்ஸ் ராஜ்யத்தை நியாயப்படுத்துபவருக்கும், என் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். 2005 ஜனவரி முதல் தேதியோடு கோட்டா ஒழிந்தது. பின்னலாடை ஒதுக்கீடும் போயிற்று. பெரிய கம்பெனி வந்து எங்களை விழுங்கும் என்ற பயம் நடக்கவில்லை. எங்கள் ஊர்ச் சின்னக் கம்பெனிகளே பெரிய கம்பெனிகள் ஆயின. ஊரின் ஏற்றுமதி வருஷத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. நானும் நான்கு பெயரை ஒன்றாக்கினேன். நூறு பேருக்கு மேல் ரோலில் எழுதியிருக்கிறேன். போட்டியில் சிலர் காணாமலும் போனார்கள். அவர்களில் என் சித்தப்பாவின் மகனும் ஒருவன். அந்த நஷ்டத்தை மறைத்துவிட்டுச் சந்தையின் பெருமையை மட்டும் நான் எழுதினால் அவன் படித்துவிட்டுச் சிரிப்பான்.

2022இல் நூல் விலை தாங்க முடியாமல் ஏறியது. மே மாதம் திருப்பூரில் இரண்டு நாள் கடையடைப்பு. பஞ்சு இறக்குமதி வரியை நிரந்தரமாக எடு என்று கேட்டோம். ஏப்ரலில் மத்திய அரசு அதைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தது. அதோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. பஞ்சையும் நூலையும் ஏற்றுமதி செய்யத் தடை போடு. எங்கள் கட்டுப்பாடு போனதைக் கொண்டாடியவர்கள், பருத்தி விவசாயி தன் பஞ்சை நல்ல விலைக்கு வெளிநாட்டில் விற்கக் கூடாது என்று அரசைக் கேட்டோம். 2012இல் அப்படி ஒரு தடை வந்து, விவசாயிகள் கொதித்து, சில நாளில் அரசு பின்வாங்கியது. விதர்ப்பாவில் பஞ்சு விளைவிக்கிறவனும் என் மாமா மாதிரி ஓர் ஆள்தான். அவன் முகம் திருப்பூருக்குத் தெரியாது என்பதால் கேட்பது சுலபமாக இருக்கிறது.

மனு என் மேசைக்கும் வந்தது. கொண்டுவந்தவர் என்னைவிட இளையவர். "அண்ணா, கையெழுத்துப் போடுங்க, எல்லாரும் போட்டாச்சுங்க" என்றார். இறக்குமதி வரியை நிரந்தரமாக எடுக்கும் கோரிக்கை தனியாக இருந்தால் போடுகிறேன், தடை கேட்பதில் போட மாட்டேன் என்றேன்.

"நூல் இந்த விலை வித்தா கம்பெனி நடக்குமாங்கண்ணா? உங்களுக்கென்னங், கொள்கை பேசலாம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கோட்டா பணத்தில் எடுத்த மாடியில் உட்கார்ந்துகொண்டு கொள்கை பேசுவது சுலபம். மனுவைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போனார்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா பல இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. போட்டவர் முற்போக்காளர் இல்லை, வலதுசாரி. சொன்ன காரணங்களில் ஒன்று 1961இல் கேட்ட காரணம்தான், எங்கள் நாட்டுத் தொழிலைக் காப்பாற்றுகிறோம் என்று. வேலி கேட்பதற்குக் கட்சி கிடையாது. ஆகவே யாராவது அரசிடம் ஒரு காப்பு கேட்டு மனுக் கொண்டுவந்தால், அது முற்போக்கா பிற்போக்கா என்று நான் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. இதனால் வெளியே நிற்கப்போகிறவன் யார், அவன் சார்பில் இந்த மனுவில் ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. இல்லாத மனுவில் என் கையெழுத்தும் இருக்காது, அது என் சொந்தச் சங்கத்தின் மனுவாகவே இருந்தாலும்.